நகம் பேணுதல்

இருவர் பிரியா நண்பராய் வாழ்வாராயின், அவர்களை ‘நகமும் சதையும் போன்றவர்’ என்று கூறுகிறோம். எளிதில் முடியும் செயலுக்குப் பெருமுயற்சி செய்வாரைக் கண்டால், ‘நகத்தால் கிள்ளுவதற்குக் கோடரி எதற்கு?’ என்று கேட்கிறோம். பழந்தமிழர் நகத்தை ‘உகிர்’ என்று அழைத்தனர். பேச்சிலும் பழமொழியிலும் இவ்வாறு இடம் பெற்ற நகத்திற்கு நம் அன்றாடப் பழக்கத்தில் இடம் உண்டோ? பல் துலக்குகிறோம், தலை வாருகிறோம், உடை வெளுக்கிறோம். நகத்தையோ வளர்ந்தபின் வெட்டுவதோடு மறந்துவிடுகிறோம். சிலர் அதனையும் வெட்டுவதில்லை. பல்லால் கடித்துத் துப்பிவிடுகின்றனர்.

‘நகத்தைப் பற்றியும் ஒரு பாடமோ!’ என்று நீங்கள் நகைக்கலாம். மேசைமீது கிடக்கும் குண்டூசி ஒன்றை நகத்தின் உதவியின்றி எடுக்க முயன்று பாருங்கள். ஊசி வழுக்கும், விரல் தடுமாறும். விரல்நுனியின் மென்மையான சதைக்குப் பின்னே நகம் பலகைபோல் நின்று தாங்குகின்றது. அத்தாங்குதல் உள்ளமையால்தான் விரல்நுனி ஒரு பொருளை அழுத்தி, அதன் மென்மையையும் வன்மையையும் நன்கு உணர்கின்றது. எழுதுவோர், தைப்போர், வீணை மீட்டுவோர், பூத்தொடுப்போர், இயந்திரம் இயக்குவோர் ஆகிய அனைவர்க்கும் நகம் ஒரு துணைவன்.

தொழில் வளரும் நிலம்

கைவிரல்களின் அருமையை உணர விரும்புவோர், காஞ்சிபுர மாவட்டத்திலுள்ள திருப்பெரும்புதூருக்குச் செல்லலாம். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அவ்வூர். இராமாநுசர் பிறந்த ஊர் என்று வைணவர் அதனைப் போற்றுவர். ஏரிகளும் நெல்வயல்களும் நிறைந்த அந்நிலப்பகுதி, இன்று தொழிற்கூடங்கள் நிறைந்த பகுதியாகவும் விளங்குகின்றது. 1971இல் தோன்றிய ‘சிப்காட்’ என்னும் அரசு நிறுவனம் இங்குத் தொழிற்பூங்காக்கள் பலவற்றை அமைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்த் தொழிற்சாலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார்த் தொழிற்சாலை 2010இல் திறக்கப்பெற்றது; சுமையுந்து, மோட்டார் சைக்கிள், டயர் ஆகியவற்றைச் செய்யும் கூடங்களும் அதனைச் சூழ எழுந்தன. கைப்பேசியும் பிற மின்னணுப் பொருள்களும் செய்யும் கூடங்களும் இப்பகுதியில் உள்ளன.

பணி மாறும் வேளையில் திருப்பெரும்புதூர்–ஒரகடம் சாலையில் நிற்போமானால், பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆயிரக்கணக்கான தொழிலாளரை இறக்குவதும் ஏற்றுவதும் காண்போம். ஒருவர் திருகாணி முடுக்குவார். ஒருவர் கம்பி இணைப்பார். ஒருவர் வண்ணம் பூசுவார். ஒருவர் கடுகினும் சிறிய உறுப்பை அதற்குரிய இடத்தில் பொருத்துவார். எத்துணை இயந்திரங்கள் இருப்பினும், அவற்றை ஏவுவதும் திருத்துவதும் மனிதர் கையே. அக்கையே பல குடும்பங்களுக்கு முதல்; அதுவே சொத்து; அதுவே வருவாய். விரல் ஒன்று நொந்தால் வேலை தடைப்படும். வேலை தடைப்பட்டால் தொலைவிலுள்ள ஊரில் அடுப்பு எரிவது அரிதாகும். ஆதலின், இந்நிலத்து மக்களுக்கு நகம் பேணுதல் அழகைப் பற்றிய செய்தி அன்று. வாழ்வைப் பற்றிய செய்தியாகும்.

நகத்தின் அமைப்பு

நகம் ‘கெரட்டின்’ என்னும் புரதத்தால் ஆகியது. மயிரும், மாட்டின் கொம்பும் குளம்பும் அப்புரதத்தால் ஆகியனவே. நாம் காணும் நகப்பகுதிக்கு உயிரில்லை. அதனால்தான் வெட்டும்போது வலிப்பதில்லை. உயிருள்ள பகுதி, நகத்தின் அடியில் தோலுக்குள் மறைந்துள்ளது. அதனை நகவேர் எனலாம். கட்டைவிரல் நகத்தின் அடியில் வெண்பிறை போன்ற ஒரு வடிவம் தெரிகின்றதன்றோ? அது நகவேரின் வெளித்தோன்றும் பகுதியே ஆகும். நகவேரில் புதிய உயிரணுக்கள் இடைவிடாது பிறக்கின்றன. பழையவை இறுகி, தட்டையாகி, முன்னோக்கித் தள்ளப்படுகின்றன. இதுவே நகம் வளரும் முறை.

நகவேருக்கும் தோலுக்கும் இடையிலுள்ள விளிம்பில் மெல்லிய தோல் ஒன்று படிந்து நிற்கின்றது. பார்வைக்கு அது வேண்டாத தோல்போலத் தோன்றும். உண்மையில் அது கோட்டைவாயிலில் நிற்கும் காவலன். நீரும் அழுக்கும் நோய்க்கிருமிகளும் நகவேருக்குள் நுழையாதவாறு அது வழியடைத்து நிற்கின்றது. அழகு கருதி அத்தோலை வெட்டி நீக்குவோர், தம் கோட்டையின் கதவைத் தாமே பெயர்த்தெறிபவர் ஆவர்.

நகம் எவ்வளவு விரைவாக வளர்கின்றது? அமெரிக்க மருத்துவர் வில்லியம் பீன் என்பவர் இதனை அறிய விரும்பினார். திங்கள்தோறும் முதல் நாளில், தம் இடக்கைக் கட்டைவிரல் நகத்தின் அடியில் அரத்தால் சிறுகோடு ஒன்று இட்டார். அக்கோடு நகத்தின் நுனியை அடையும் நாளைக் குறித்துவைத்தார். ஓராண்டன்று, ஈராண்டன்று, 35 ஆண்டுகள் இவ்வாறு செய்து, தாம் கண்டதை 1980இல் வெளியிட்டார். அவருடைய 32ஆம் அகவையில் அந்நகம் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்தது. 67ஆம் அகவையில் 0.095 மில்லிமீட்டரே வளர்ந்தது. பொருட்செலவில்லாத ஆராய்ச்சி; வேண்டியது பொறுமை ஒன்றே.

பொதுவாகக் கைந்நகம் திங்களுக்கு மூன்று மில்லிமீட்டர் அளவு வளரும். நகம் ஒன்று விழுந்துவிட்டால், புதிய நகம் முழுமையாக வளர ஆறு திங்கள் ஆகும். கால்நகம் அதனினும் மெல்ல வளர்வது. முழுமையாக வளர ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ ஆகும். ஒரு நொடியின் கவனக்குறைவால் இழக்கும் நகத்தை மீளப் பெற அரையாண்டு காத்திருக்க வேண்டும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

நகம் எழுதும் குறிப்பு

ஏரிக்கரையில் விளையாடும் சிறுவர், வானில் வெண்கொக்குகள் வரிசையாகப் பறக்கக் கண்டால், இரு கைந்நகங்களையும் ஒன்றோடொன்று தேய்த்துத் தமக்குப் பூப் போடுமாறு கொக்கை வேண்டுவர். சில நாளில் யாரேனும் ஒருவன் நகத்தில் வெண்புள்ளி தோன்றும். கொக்குப் பூப் போட்டுவிட்டது என்று அவன் மகிழ்வான். புத்தாடை கிடைக்கும் என்று பாட்டி கூறுவாள். இனிய விளையாட்டே இது. ஆயினும், அப்பூவின் வரலாறு வேறு. பல கிழமைகளுக்கு முன்னர்க் கதவிடுக்கிலோ கல்லிலோ நகவேர் சிறிது அடிபட்டிருக்கும். அவ்வடியின் வடு, நகத்தோடு சேர்ந்து முன்னே நகர்ந்து வெண்புள்ளியாக வெளிவருகின்றது. சுண்ணாம்புச்சத்துக் குறைவால் அது தோன்றுகின்றது என்று பெரியவர் சிலர் கூறுவதும் பெரும்பாலும் பொருந்துவதன்று.

இவ்வாறு நகம், உடலில் நிகழ்ந்தவற்றை எழுதிவைக்கும் ஏடாக விளங்குகின்றது. கடுங்காய்ச்சல் வந்து உடல் நலிந்தால், நகவேரின் வேலை சில நாள் தளரும். அதனால் நகத்தின் குறுக்கே பள்ளமான கோடு ஒன்று விழும். இதனைப் பிரெஞ்சு மருத்துவர் போ என்பவர் 1846இல் விளக்கினார். இன்றும் அக்கோடுகள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. கோடு நகத்தின் அடியிலிருந்து ஆறு மில்லிமீட்டர் தொலைவில் உள்ளதெனின், நோய் வந்து ஏறத்தாழ இரண்டு திங்கள் ஆயிற்று என்று கணக்கிட்டு அறியலாம். கணக்குப் பாடம் மருத்துவத்திற்கும் உதவுவதைக் காண்க.

நகம் நடுவில் குழிந்து கரண்டிபோல் வளைந்திருந்தால், உடலில் இரும்புச்சத்துக் குறைந்திருக்கக்கூடும். 2019–21இல் எடுக்கப்பெற்ற தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர் என்று கூறுகின்றது. குருதிச்சோகை முற்றியபின்னரே நகம் குழியும். ஆதலின், நகம் குழியும்வரை காத்திராமல், முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை, மீன் முதலியவற்றை உண்ணுதல் வேண்டும். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஆசிரியர் காணாதவாறு எறிவோர், தம்மையே ஏமாற்றிக்கொள்பவர் ஆவர். நல்ல நகம் கடையில் வாங்கும் பூச்சினால் அமைவதன்று. உண்ணும் சோற்றினால் அமைவது.

நாள்தோறும் செய்ய வேண்டுவன

நகம் பேணப் பெருஞ்செலவு வேண்டா. சிறு பழக்கங்கள் சில போதும்.

முதலாவது, வெட்டுதல். கைந்நகங்களைக் கிழமைக்கு ஒருமுறை வெட்டுதல் நன்று. குளித்தபின் நகம் மென்மையாக இருக்கும். அப்போது வெட்டினால் பிளவாது. கைந்நகத்தை விரல்நுனியின் வளைவுக்கு ஏற்பச் சிறிது வளைத்து வெட்டலாம். கால்நகத்தையோ நேராக வெட்டுதல் வேண்டும். கால்நகத்தின் ஓரங்களை ஆழமாக வெட்டினால், வளரும் நகம் சதைக்குள் புகுந்து புண்ணாக்கும். ‘விளக்கு வைத்தபின் நகம் வெட்டாதே’ என்று முதியோர் கூறுவர். எண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில் சதையையும் சேர்த்து வெட்டிக்கொள்ள நேரும். வெட்டிய துண்டுகள் உணவிலும் விழக்கூடும். எனவே அஃது அக்காலத்திற்கு ஏற்ற அறிவுரையே. இரவுப்பணி முடிந்து பகலில் உறங்கும் தொழிலாளி, நல்ல மின்விளக்கின் ஒளியில் எப்பொழுது வெட்டினாலும் குற்றமில்லை.

இரண்டாவது, தூய்மை. உண்ணுமுன்னரும் கழிப்பறை சென்று வந்தபின்னரும் சோப்பிட்டு, இருபது நொடியேனும் தேய்த்துக் கை கழுவுதல் வேண்டும். உள்ளங்கையை மட்டும் தேய்த்தல் போதாது; விரல்நுனிகளை மற்றைய உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால்தான் நகத்தின் அடி தூய்மையாகும். நாம் கையால் பிசைந்து உண்பவர். நகக்கண்ணில் தங்கிய அழுக்குச் சோற்றோடு கலந்து வயிற்றுக்குள் செல்லும். கீரிப்பூச்சி என்னும் குடற்புழுவின் முட்டைகள் நகத்தின் அடியில் தங்கியே பெரும்பாலும் பரவுகின்றன. பள்ளிகளில் குடற்புழு நீக்க மாத்திரை தருகின்றனர். ஆயினும் நகத்தைத் தூய்மையாக வையாதவன் வயிற்றுக்குள் புழு மீண்டும் குடியேறும்.

மூன்றாவது, ஈரம் போக்கல். நெடுநேரம் நீரில் ஊறும் நகம் மென்மையாகிப் பிளக்கும். ஈரம் தங்கும் இடுக்கில் பூஞ்சை வளரும். ஆதலின், கழுவியபின் தூய துணியால் விரலிடுக்குகளையும் நகவோரங்களையும் துடைத்தல் வேண்டும். பாத்திரம் துலக்குவோரும் துணி வெளுப்போரும் பருத்தித் துணி உள்ளே வைத்த ரப்பர்க் கையுறை அணிதல் நலம். இரவில் உறங்குமுன் நகத்தின் அடியோரத்தில் தேங்காயெண்ணெய் ஒரு துளி தடவினால், தோல் வறண்டு பிய்ந்து நிற்பது குறையும்.

நான்காவது, கடியாமை. தேர்வு வருகின்றது என்றாலும் கணக்கு வரவில்லை என்றாலும் சிலருடைய விரல்கள் தாமே வாய்க்குச் செல்லும். அதனால் நகம் சிதைவதோடு, வாயிலுள்ள கிருமி விரலுக்கும் விரலிலுள்ள கிருமி வாய்க்கும் செல்கின்றன. பிறர் ஏளனம் செய்வதால் இப்பழக்கம் நீங்குவதில்லை. நகத்தைக் குறுக வெட்டிவைத்தலும், மனம் கலங்கும் வேளையில் கைக்கு வேறொரு வேலை கொடுத்தலும் பயன் தரும்.

ஐந்தாவது, நகத்தைக் கருவியாக்காமை. டப்பாவின் மூடியைத் திறக்கவும், ஒட்டிய தாளைச் சுரண்டவும், திருகாணியை நெம்பவும் நகத்தைப் பயன்படுத்துவோர் பலர். நெம்பும்போது நகம் தன் படுக்கையிலிருந்து சிறிது பெயரும். பெயர்ந்த இடைவெளியில் அழுக்கும் கிருமியும் புகும். அவ்வேலைக்கு உரிய கருவியை எடுப்பதற்கு ஆகும் காலம் அரை நிமிடமே.

ஆறாவது, பிறர் பொருளைப் பயன்படுத்தாமை. விடுதியில் ஓர் அறையில் பலர் தங்கியிருப்பர். நகவெட்டி மட்டும் ஒன்றே இருக்கும். ஒருவர் நகத்திலுள்ள பூஞ்சை அதன் வழியே மற்றவர்க்கும் பரவக்கூடும். தமக்கென ஒரு நகவெட்டி வைத்துக்கொள்வது பெருஞ்செலவன்று.

நகத்திற்கு வண்ணம் பூசுவது பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். மருதாணி இடுவது நம் நாட்டுப் பழைய வழக்கம். அரைத்த பச்சிலையால் பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை. விரைவில் கருநிறம் தரும் என்று விற்கப்பெறும் ‘கறுப்பு மருதாணி’யில் தலைமயிர்ச் சாயத்துக்குரிய வேதிப்பொருள் கலந்திருக்கக்கூடும், அது தோலைக் கொப்புளிக்கச் செய்யும். நகப்பூச்சுப் பூசியவர், நோயுற்று மருத்துவமனைக்குச் செல்லும்போது அதனை நீக்கிவிடுதல் நன்று. ஏனெனின், நகத்தின் நிறத்தைக் கண்டும், விரலில் மாட்டும் சிறுகருவியைக் கொண்டும், குருதியில் உயிர்வளி போதிய அளவு உள்ளதா என்பதை மருத்துவர் அறிகின்றனர்.

தொழிற்கூடத்தில்

தொழிற்கூடத்தில் பணிபுரிவோர்க்கு இவற்றோடு வேறு சில பழக்கங்களும் வேண்டும். இரும்பைக் கடையும்போதும் துளையிடும்போதும் சூடு தணிய ஒருவகை எண்ணெய்க் கலவையைப் பாய்ச்சுவர். தொழிலாளர் அதனைக் ‘கூலண்ட்’ என்பர். அதில் நாள்முழுதும் நனையும் கையில் தோல் வெடிக்கும், நகம் மென்மையாகும். வண்ணம் பூசும் இடத்தில் கையிற்பட்ட கறையைத் தின்னரால் துடைப்பது எளிதாகத் தோன்றும். ஆயின், தின்னர் கறையோடு தோலின் இயற்கை நெய்ப்பசையையும் கரைத்துவிடும். நகமும் வறண்டு பிளக்கும். சோப்பும் நீருமே கைக்கு ஏற்றவை. எண்ணெய் துடைத்த பனியன் துணியால் கையைத் துடைப்பதும் கூடாது. அதில் ஒட்டியுள்ள இரும்புத் துகள் நகக்கண்ணில் முள்போல் தைக்கும்.

கையுறை நல்ல துணை. எனினும் அதனை அணியும் இடமும் அணியாத இடமும் அறிதல் வேண்டும். கண்ணாடித் தகடும் இரும்புத் தகடும் எடுப்போர்க்கும், வேதிப்பொருள் கையாள்வோர்க்கும் அதற்குரிய கையுறை இன்றியமையாதது. சுழலும் கடைசல் இயந்திரத்தின் அருகிலோ, துளையிடும் இயந்திரத்தின் அருகிலோ தளர்ந்த கையுறை அணிந்து கை நீட்டினால், சுழற்சி கையுறையைப் பற்றும். கையுறை கையை இழுக்கும். காக்க அணிந்ததே கேடாய் முடியும். ஆதலின், மேற்பார்வையாளர் கூறும் விதியைக் கேட்டு நடத்தல் வேண்டும். நீண்ட நகமும் இத்தகைய இடங்களில் இடையூறே; அது கையுறையைக் கிழிக்கும்; நுண்பொருள்மீது கீறல் விழச் செய்யும்.

ஆனால், தூய்மையின் பொறுப்பு முழுவதையும் தொழிலாளியின் தலைமேல் ஏற்றிவிடுதல் நீதியன்று. கை கழுவ நீர் வேண்டும், சோப்பு வேண்டும், கழுவுவதற்கு நேரமும் வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், கழுவுதற்குரிய வசதிகளை ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனியே அமைத்து, அவற்றைத் தூய்மையாக வைத்தல் வேண்டும் என்று கட்டளையிட்டது. விடுதலை பெற்ற மறு ஆண்டிலேயே நம் நாடு இதனைச் சட்டமாக்கியது என்பது நினைக்கத்தக்கது. உணவு இடைவேளையில் நீண்ட வரிசையில் நின்றே குழாயை அடைய நேருமாயின், எத்தகைய நல்ல பழக்கமும் நிலைக்காது. தொழிலாளர் கை கழுவுதல் வேண்டும். நிருவாகம் குழாய் அமைத்தல் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நலம் விளையும்.

ஒரு விரலும் பலர் உணவும்

ஒருவர் விரலின் தூய்மை அவரோடு முடிவதன்று. 1847இல் ஆஸ்திரியா நாட்டின் தலைநகராகிய வியன்னாவில் பெரிய மருத்துவமனை ஒன்றில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் பணிபுரிந்தார். அங்கு மகப்பேற்றுக்கு வந்த தாய்மார் பலர் காய்ச்சலுற்று இறந்தனர். பிணங்களை அறுத்து ஆராய்ந்த மருத்துவரும் மாணவரும், கையைச் செம்மையாகக் கழுவாமல் தாய்மாரைத் தொடுவதே காரணம் என்று அவர் உய்த்துணர்ந்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவுமாறு அனைவரையும் பணித்தார். 1846இல் அவர் பகுதியில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் இறந்தனர். 1848இல் அவ்வெண் இரண்டினும் குறைந்தது. பெரிய மருத்துவர்கள் அவர் கூற்றை ஏற்காது ஒதுக்கினர். 1865இல் அவர் மனமுடைந்த நிலையில் மறைந்தார். இன்று உலகச் சுகாதார நிறுவனம், நோயாளிகளைத் தொட்டுப் பணி செய்வோர் நகத்தின் நுனியை அரை சென்டிமீட்டருக்கு மேல் வளரவிடல் ஆகாது என்று அறிவுறுத்துகின்றது. செம்மல்வைஸ் தோற்கவில்லை, காலம் கடந்து வென்றார்.

மருத்துவமனைக்கு உரிய இவ்விதி, பலர்க்கு உணவு சமைக்கும் இடத்திற்கும் உரியது. சமையற்காரர் ஒருவர் விரலில் சீழ்ப்பிடித்த புண் இருப்பதாகக் கொள்வோம். அச்சீழிலுள்ள கிருமி உணவில் கலந்து, உணவு வெப்பமான இடத்தில் சில மணிநேரம் இருந்தால், நஞ்சை உண்டாக்கும். பின்னர் அவ்வுணவைச் சூடாக்கினாலும் கிருமி மடியுமேயன்றி, நஞ்சு நீங்காது. ஒரு விரல் நோயால் நூறு பேர் வாந்தியெடுத்து வீழ்தல் கூடும்.

2021ஆம் ஆண்டு டிசம்பரில், திருப்பெரும்புதூர்ப் பகுதியின் மின்னணுத் தொழிற்கூடம் ஒன்றில் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில், உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பெற்றனர். அவர்களுடைய தோழியர் பெருஞ்சாலையில் அமர்ந்து நீதி கேட்டனர். அந்நிகழ்ச்சிக்குச் சமையற்காரர் விரல்தான் காரணம் என்று இங்குக் கூறவில்லை. பலர் கூடி வாழும் இடத்தில் உணவும் நீரும் தூய்மையும் எத்துணைப் பெரும் பொறுப்பு என்பதை அது நாட்டுக்கு உணர்த்தியது என்பதே இங்குக் கருதத்தக்கது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில், 18,720 தொழிலாளர் தங்கத்தக்க பெரிய குடியிருப்பு ஒன்றைச் சிப்காட் கட்டித் திறந்தது. அத்துணைப் பேர் உண்ணும் இடத்தில், சோறு அள்ளும் ஒவ்வொரு கையும் தூய்மையாக இருத்தல் வேண்டும் அன்றோ?

நகச்சுற்று

நகவோரத்தில் உண்டாகும் சீழ்ப்புண்ணை நகச்சுற்று என்பர். உகிர்ச்சுற்று என்பதும் அதுவே. அது வரும் வழியை அறிய, இப்பகுதியில் பணிபுரியும் இளம்பெண் ஒருத்தியை நினைத்துப் பார்ப்போம். அவள் ஊர் திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூர் எனக் கொள்வோம். அவள் அனுப்பும் பணத்தில் தம்பி படிக்கின்றான். திங்கட்கிழமை பேருந்தில் வரும்போது, நகத்தோரத்தில் பிய்ந்து நின்ற சிறு தோலைப் பல்லால் கடித்து இழுத்தாள். குருதி ஒரு துளி கசிந்தது, துடைத்துவிட்டாள். செவ்வாயன்று விரல் சிவந்தது. புதனன்று வீங்கித் துடித்தது. விடுப்பெடுத்தால் ஊதியம் குறையும் என்று அஞ்சி அவள் யாரிடமும் கூறவில்லை. வியாழனன்று சீழ் கட்டியது. கையுறையும் மாட்ட இயலவில்லை. வெள்ளியன்று மருத்துவர் கீறிச் சீழை நீக்கினார். ஒரு கிழமை ஓய்வு கொள்ளுமாறு பணித்தார். ஒரு நாள் விடுப்புக்கு அஞ்சியவள் ஒரு கிழமை ஊதியத்தை இழந்தாள்.

எங்குத் தவறியது? பிய்ந்த தோலை நகவெட்டியால் ஒட்ட நறுக்கியிருந்தால் போதும். சிவந்த அன்றே வெதுவெதுப்பான நீரில் நாளுக்குச் சிலமுறை விரலை வைத்திருந்து, தூய்மையாகத் துடைத்திருந்தால் பெரும்பாலும் தணிந்திருக்கும். நம் வீடுகளில் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிக்கொள்வர். தொடக்கத்தில் அது இதமளிக்கலாம்; சீழ் கட்டியபின் அது மருத்துவம் ஆகாது. ஊசியால் தாமே குத்திக்கொள்வதும் தீங்கு. வலி மிகுந்தாலும், சிவப்பு விரல் முழுதும் பரவினாலும், காய்ச்சல் கண்டாலும் உடனே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். நீரிழிவுடையார் முதல் நாளே செல்லுதல் நலம்.

வேறு சில குறிகளும் மருத்துவரிடம் காட்டத்தக்கவை. நகம் தடித்து மஞ்சளாகி நொறுங்கினால் பூஞ்சையாக இருக்கலாம். பளுவான பொருள் விழுந்து நகத்தடியில் குருதி கட்டிக் கடுவலி உண்டானால், எலும்பு முறிந்துள்ளதா என்றும் பார்த்தல் வேண்டும். ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கருங்கோடு தோன்றி நாளுக்குநாள் அகலுமாயின், காலந்தாழ்த்தாமல் காட்டுதல் வேண்டும். நம்மைப் போன்ற கருநிறத்தார்க்குப் பல நகங்களில் மெல்லிய கருங்கோடுகள் இயற்கையாகவே இருப்பதுண்டு. அவற்றுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை ஒரகடத்தில் இயந்திரம் இயக்குவீர்கள், சிலர் மருத்துவராவீர்கள், சிலர் பலர்க்குச் சோறிடுவீர்கள், சிலர் தொழிற்கூடத்தை நடத்தும் பொறுப்பையும் ஏற்பீர்கள். தொழிலாளியாயின் உங்கள் கையைப் பேணுங்கள்; தலைவராயின் உங்களை நம்பி வேலை செய்வோர் கையையும் பேணுங்கள். கிழமைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம், நாளுக்குச் சிலமுறை இருபது நொடி: நகம் நம்மிடம் கேட்பது இவ்வளவே. நகத்தால் கிள்ளி எறியத்தக்க சிறு துன்பத்தைக் கோடரி கொண்டு வெட்டும் அளவிற்கு வளரவிடாமையே அறிவுடைமை. இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும், உழைத்துத் திரும்பிய உங்கள் தாய் தந்தையரின் கைகளை ஒருமுறை உற்று நோக்குங்கள். அந்நகங்களில் எழுதியிருப்பது உங்களுக்காக அவர்கள் பட்ட பாடு என்பதை அறிவீர்கள்.